பொட்டி நல்லா வாசிக்குது

எங்கள் குழுவின் நோட்டீசில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘முழுக்க முழுக்க மேடையில் நேரடி இசை.’ இதில் மேடை இருந்தது உண்மை.

குழுவின் பெயர் தரணி இன்னிசைக் குழு. ஊர் சேந்தமங்கலம். தரணிதரன் அண்ணன்தான் நிறுவனர், தலைவர், கீபோர்டு கலைஞர். சுஜிதா அக்கா பாடகி. பகலில் தையல் மிஷின் மிதிப்பாள், சாயங்காலம் பாடுவாள், இரண்டிலும் நூல் அறுந்ததில்லை. சின்னராசு டிரம்ஸ் பேடு. நான் கோகுல்நாத். நாமக்கல்லில் பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டே இந்தக் குழுவுக்குத் தொகுப்பாளனாக இருந்தேன். அதாவது, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்வரை ஜனங்கள் எழுந்து சாப்பிடப் போய்விடாமல் பேசிக்கொண்டிருக்கும் வேலை.

ஆரம்பத்தில் நாங்களும் நிஜமாகத்தான் வாசித்தோம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா மேடைக்கே ஏறி வந்து, “ஏந்தம்பி, கேசட்டுல கேக்கற மாதிரி இல்லியே?” என்றார். அடுத்த கல்யாணத்தில் அதையே மாப்பிள்ளையின் மாமா சொன்னார். அதற்கடுத்த கல்யாணத்தில் சமையல்காரர், கையில் கரண்டியோடு. சமையல்காரரே சொன்னதும் தரணி அண்ணன் மனம் உடைந்து சேலத்துக்குப் பஸ் ஏறினார். திரும்பும்போது ஒரு பை நிறையக் கேசட். மைனஸ் ட்ராக் என்று பேர். பாடுகிறவர் குரலை மட்டும் எடுத்துவிட்டு வாத்தியங்களை அப்படியே வைத்திருப்பார்கள். அன்றிலிருந்து சுஜிதா அக்கா பாடுவாள், பின்னால் கேசட் ஓடும். தரணி அண்ணன் சத்தம் குறைத்த கீபோர்டின் மேல் விரலை ஓட்டுவார். சின்னராசு பேடை அடிப்பான். பேடின் ஒயர் எதிலும் செருகியிருக்காது.

‘தரணி குழு அச்சு அசல் கேசட் மாதிரியே வாசிக்குது’ என்று சுற்றுவட்டாரத்தில் பேர் பரவியது. கேசட் மாதிரி வாசித்தது கேசட்தான் என்பதை நாங்கள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இப்படியே இரண்டு வருடம் போனது. வாசிப்பதுபோல நடித்து நடித்து அண்ணனுக்கு வாசிப்பு சுத்தமாகப் போய், நடிப்பு பிரமாதமாக வந்துவிட்டது. சோகப் பாட்டென்றால் கண்ணை மூடிக்கொள்வார். வயலின் வரும் இடத்தில் கீழ் உதட்டைக் கடிப்பார். ஒரு தடவை பாட்டில் கீபோர்டே இல்லாத இடத்தில்கூட வேர்த்து விறுவிறுத்து வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் குறை சொல்லவில்லை.

இந்த நிலையில் அவருக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா செங்கோட்டையன், காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மரவள்ளி போடும் விவசாயி. மகள் நாகலட்சுமி, கொல்லிமலையில் வளப்பூர் நாட்டு ஊர் ஒன்றில் பள்ளிக்கூட டீச்சர். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். மறுபடி அங்கே பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியவன் நான். செங்கோட்டையனுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. கலைஞன், குடி இல்லை, சொந்தமாகக் கீபோர்டு இருக்கிறது. அண்ணனுக்கோ நாகலட்சுமி காபித் தட்டை நீட்டிய நிமிஷமே எல்லாம் முடிந்தது. முப்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து நான் பார்த்தது அன்றுதான்.

நாகலட்சுமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஏனுங்க, நான் காப்பி அடிக்கறவங்களப் புடிக்கற வேலை பாக்கறேன். நோட்டுல இருக்கற விடை நல்லாத்தான் இருக்கும். ஆனா எம்முன்னால உக்காந்து எழுதினாத்தான் நம்புவேன். உங்க வாசிப்பையும் நேர்ல பாத்துட்டு அப்பறமாச் சொல்றேனுங்க.”

“அதுக்கென்னங்க,” என்றார் அண்ணன், மேடையில் கைதட்டலுக்குச் சிரிக்கும் அதே சிரிப்போடு. சமையல்கட்டு வாசலில் நின்ற சுஜிதா அக்கா என்னைப் பார்த்தாள். நான் மிக்சரைப் பார்த்தேன்.

மகள் வேலை பார்க்கும் ஊரிலேயே அம்மன் நோம்பி, அதாவது திருவிழா, வந்தது. ஊர்க்கவுண்டர் சென்றாயன் செங்கோட்டையனுக்குப் பழக்கம். மாமனாராகப் போகிறவரே கச்சேரி பேசி முடித்துவிட்டதால் தப்பிக்க வழியில்லை. அண்ணன் தப்பிக்கவும் நினைக்கவில்லை. “கேசட்டு இருக்கறப்ப என்னடா பயம்?” என்றார்.

மலைக்குப் பஸ்ஸில் போனோம். கீபோர்டு பஸ்ஸின் கூரையில், பலா மூட்டைகளுக்கு நடுவில். டேப்ரிகார்டர் அண்ணன் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கூரையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டபோதெல்லாம், “பலாப்பழமாத்தான் இருக்கும்,” என்றார்.

ஊரில் எல்லாம் தயாராக இருந்தது. மேடை, டியூப்லைட், நல்ல கரண்டு. முன்வரிசையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் செங்கோட்டையன், ஒன்றில் நாகலட்சுமி, ஒன்றில் நாகலட்சுமியின் குடையும் டார்ச்சும். பள்ளிக்கூடம் இருக்கும் ஊரிலிருந்து அவள் தங்கியிருக்கும் வீட்டுக்குக் காட்டு வழியில் நடக்க வேண்டும். அதனால் மூன்று செல் போடும் நீட்ட டார்ச் எப்போதும் கூடவே இருக்கும். மணி நாலுதான் ஆகியிருந்தது. சின்னராசு ஒயரை விரித்துக்கொண்டிருந்தபோது சென்றாயன் வந்தார்.

“மேடை அப்பறமுங்க. மொதல்ல கோயில்ல ஒரு பாட்டு. அம்மனுக்கு வாசிக்காம ஊருக்கு வாசிக்கற பழக்கம் இங்க இல்லீங்க.”

“ஆகட்டுமுங்க,” என்றார் அண்ணன். “ஒயர் அவ்வளவு தூரம் எட்டுமாடா?”

“ஒயரா?” சென்றாயன் நின்றார். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் நட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். “எல்லைக்கல்லு அதானுங்க. கல்லுக்கு அக்கட்ட செருப்பு போகாது, கரண்டும் போகாது. கரண்டு ஆபீஸ்காரங்க போஸ்ட்டு நடறப்பவே கல்லுக்கு இந்தப் பக்கம் நிறுத்திப்போட்டாங்க.”

அண்ணன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் பல் மட்டும் மிஞ்சியது.

“இத முன்னாடியே சொல்லலியேங்க?”

“இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது? போன வருசம் நாயனக்காரங்க வந்தாங்க. அதுக்கு முந்தி பஜனைக்காரங்க. எவுங்களும் ஒயர் கேக்கலீங்க. நீங்க வாசிக்கறவங்க, வாசிக்கப் போறீங்க.”

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நாகலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தே பார்த்தாள். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருப்பது தொகுப்பாளன் தொழிலில் சேராது.

“ஏனுங்க, பூசாரி டார்ச் லைட்டு கொண்டு போறாருங்களே?”

கல்லருகே ஊர்க்கூட்டம் கூடியது. டார்ச்சில் இருப்பது கரண்டா இல்லையா என்று பேச்சு. வெளிச்சம் வருகிறதே என்றார் ஒருவர். மின்மினியிலும்தான் வருகிறது, அதைத் துரத்துகிறோமா என்றார் இன்னொருவர். கடைசியில் சென்றாயன் தீர்ப்புச் சொன்னார்: “கம்பியில வந்தாத்தான் கரண்டு. செல்லுல இருக்கறது வெறும் மருந்து.” பிறகு இதைக் கல்லூரியில் பிசிக்ஸ் படிக்கிற பையன்களிடம் சொன்னேன். இரண்டு பேர் எழுதி வைத்துக்கொண்டார்கள். பரீட்சைக்கு வேறு எதுவும் கையில் இல்லை.

ஆக, செல் போட்டு வாசிக்கலாம். கீபோர்டுக்கு ஆறு பெரிய செல் வேண்டும். நோம்பி நாளில் கடையில் ஒரு செல்கூட மிச்சமில்லை. நாகலட்சுமி தன் டார்ச்சைத் திருகி மூன்று புதுச் செல்லை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

“திருப்பிக் குடுத்துருங்க. போற வழி இருட்டுங்க,” என்றாள்.

அண்ணன் அந்தச் செல்களைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், அவற்றுக்கு வளைகாப்பே நடத்திவிடுவார் போலிருந்தது. மீதி மூன்று, ஊர்க்காரர்களின் டார்ச்சிலிருந்து வந்தவை. மழைக்காலம் முழுக்க உழைத்து, இனி தலையில் தட்டினால்தான் எரிவோம் என்று ஓய்வு கேட்டுக்கொண்டிருந்த செல்கள்.

பலா மரத்துக்குப் பின்னால் எங்கள் குழு அவசரமாகக் கூடியது. டேப்ரிகார்டருக்கும் அதே பெரிய செல் ஆறு வேண்டும். இருப்பதும் ஆறு. ஒன்று கீபோர்டு, இல்லையென்றால் டேப்ரிகார்டர்.

“கீபோர்டுல போடுங்கண்ணா,” என்றாள் சுஜிதா அக்கா. “அம்மன் பாட்டுத்தான? சும்மா நாலு சொரத்தப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“கேசட்டு மாதிரி இருக்காது சுஜி.”

“அவ கேசட்டக் கேக்க வரலீங்கண்ணா. உங்களக் கேக்க வந்திருக்கறா.”

“என்னையக் கேட்டா ஓடிப் போயிருவா!” அண்ணன் குரல் உடைந்தது. “போன வாரம் ஊட்டுல வாசிச்சுப் பாத்தேன். ரேடியோ ரிப்பேரான்னு எங்கம்மா கேக்குது.”

“தப்பா வாசிச்சாலும் நீங்க வாசிச்சதா இருக்கும்.”

“தப்பா வாசிச்சவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? டேய் சின்னராசு, செல்ல டேப்புல போடு.”

போட்டான்.

கோயில் வாசலில் இரண்டு முக்காலியை வைத்து அதன்மேல் கீபோர்டு. கீபோர்டுக்கு அடியில் தரை தொட ஒரு மஞ்சள் துணி. துணிக்குள்ளே தரையில் டேப்ரிகார்டர். மஞ்சள் துணியைப் பார்த்ததும் பூசாரிக்குப் பக்தி வந்து, கீபோர்டுக்கு ஒரு முழம் கதம்பம் சாத்தினார். நான் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றேன். வலது காலின் பெருவிரல் மட்டும் துணிக்குள்ளே, பட்டன் மேல். செருப்பைக் கழற்றச் சொன்ன வழக்கத்தை அன்று மனசார வாழ்த்தினேன்.

விரலை அழுத்தினேன். பாட்டு எழுந்தது.

நன்றாகத்தான் எழுந்தது. நாதஸ்வரம், உடுக்கை, வயலின் என்று ஒரு சின்னக் கீபோர்டிலிருந்து இத்தனையும் வருவதைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. சுஜிதா அக்கா மைக் இல்லாமலேயே கோயில் மணி அதிரப் பாடினாள். செங்கோட்டையன் மகளின் முழங்கையை இடித்து, “வெரலப் பாரு கண்ணு, வெரலப் பாரு,” என்றார். நாகலட்சுமி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் சரணத்திலேயே அத்தாயிக்குச் சாமி வந்துவிட்டது. அத்தாயி, எட்டு முழச் சேலைக்குள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டிய ஒல்லி மனுஷி. ஆனால் அவள்மேல் வரும் சாமி பொல்லாதது. வருஷா வருஷம் அதைப் பிடித்து உட்கார வைக்க ஊரில் திடகாத்திரமான ஆட்களைத் தனியாகச் சோறு போட்டுத் தயார் பண்ணுவார்களாம். சாமி உட்காரும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். அதையும் அப்போதுதான் சொன்னார்கள்.

இரண்டாம் சரணத்தில் பழைய செல் மூன்றும் ஓய்வுக்குக் கிளம்பின.

முதலில் உடுக்கை கொஞ்சம் சோம்பல் முறித்தது. அடுத்து வயலின் சளி பிடித்ததுபோல் இழுத்தது. சுஜிதா அக்கா ஒரு படி இறங்கினாள். நாதஸ்வரம் இன்னும் இறங்கியது. அவளும் இறங்கினாள். கிணற்றுக்குள் வாளி போகிற மாதிரி பாட்டு கீழே கீழே போக, அவள் கயிற்றை விடாமல் கூடவே போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தாடி மீசை முளைத்த ஆள் குரல் வந்துவிட்டது. பக்கத்தில் ஒயரில்லாத பேடின்மேல் சின்னராசு குச்சியை உயர்த்தினான், அடி வரவில்லை. உயர்த்திய கையோடு அடுத்த அடிக்காக, டவுன் பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றான். அண்ணன்தான் மேதை. கண்ணை இறுக மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு விரலை ஒரு கட்டையில் வைத்து நெடுநேரம் அழுத்தினார். அந்த மந்த கதியை அவரே வேண்டுமென்றே கொண்டு வந்ததாகப் பார்த்தவர்கள் சத்தியமே செய்வார்கள்.

அத்தாயியும் மெதுவானாள். ஒரு காலைத் தூக்கினாள். உடுக்கை வருகிற வழியாக இல்லை. தூக்கிய கால் அப்படியே நின்றது. கண்ணை உருட்டி எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். உடுக்கை வந்தது, கால் இறங்கியது. அடுத்த கால். அடுத்த காத்திருப்பு. வாத்தியமெல்லாம் கலந்து எருமை முனகுவதுபோல் ஒரே சத்தமாகி அடங்கியபோது, அத்தாயி கொட்டாவி விட்டாள். யாரும் தொடாமல், யாரும் பிடிக்காமல், தானாகவே உட்கார்ந்தாள்.

பிடிப்பதற்காக வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதானுங்க வாசிப்பு!” சென்றாயன் குரல் தழுதழுத்தது. “எத்தன நாயனம், எத்தன மேளம் வந்துருக்குது. சாமியத் தாலாட்டித் தூங்க வெச்ச கைய இன்னிக்குத்தான் பாக்கறேன்!”

அண்ணன் கண்ணைத் திறந்தார். ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது. தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் அடக்கமாகத் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். பக்கத்தில் நான் அத்தாயியிடம், சாமி எப்படித் தானாக உட்கார்ந்தது என்று மெல்லக் கேட்டேன்.

“நான் என்னத்தக் கண்டேன் சாமி?” என்றாள் அவள். “மேளம் நின்னுச்சு, நானும் நின்னுட்டேன்.”

செங்கோட்டையனுக்குக் கண்ணில் தண்ணீர். “அம்மனே ஒத்துக்கிச்சு கண்ணு. இனி நீ சொல்றதுக்கு என்ன இருக்குது?”

நாகலட்சுமி நேராக அண்ணன் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

“என்ற செல்லுங்க.”

அண்ணன் சிரித்தார். அவள் கை நீட்டியபடியே இருந்தது. அவர் கீபோர்டைத் தடவினார். கதம்பத்தைச் சரி செய்தார்.

“ஊட்டுக்குப் போகோணுங்க. பொழுது எறங்குது.”

சென்றாயன் உதவிக்கு வந்தார். “நான் எடுத்துத் தாரேனுங்க,” என்று கீபோர்டை மரியாதையோடு தூக்கிக் கவிழ்த்தார். அடிமூடியைத் திறந்தார். உள்ளே செல் இல்லை. கரப்பான் ஒன்று வெளியே வந்து, வெளிச்சம் பிடிக்காமல் மறுபடி உள்ளே போய்விட்டது.

“செல்லு…” என்றார் அண்ணன். “வாசிக்க வாசிக்கக் கரைஞ்சிருச்சுங்க.”

“செல்லு கரையாதுங்க,” என்றாள் நாகலட்சுமி. “அதுல இருக்கற மருந்துதான் தீரும். இது ஆறாங்கிளாசு பாடம்.”

செல் ஒரு விசித்திரமான பொருள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். நானோ பதற்றத்தில் பட்டனை நிறுத்தாமல் காலை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மஞ்சள் துணிக்குள்ளிருந்து, “ங்ஙோஓஓ” என்று நாதஸ்வரம் எழுந்தது. அண்ணனின் இரண்டு கையும் அவர் இடுப்பில் இருந்தன. கவிழ்த்த கீபோர்டு சென்றாயன் கையில் இருந்தது.

நாகலட்சுமி துணியைத் தூக்கினாள்.

“அது துணைக்குங்க,” என்றார் அண்ணன் அவசரமாக. “அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு வாசிப்பேன். பெரிய பெரிய குழுவெல்லாம் இப்படித்தானுங்க. ரெண்டு பேரும் சேந்துதான்…”

“சரிங்க. தொணை இல்லாம ஒண்ணு வாசிங்க. மேடையில கரண்டு இருக்குதில்ல?”

இதைவிட நியாயமாக யாரும் கேட்க முடியாது. அதுதான் கொடுமை. கீபோர்டைச் சென்றாயனே தோளில் தூக்கி வந்து மேடையில் வைத்தார். சின்னராசு ஒயரைச் செருகினான். முதன்முறையாக நிஜமாகவே செருகினான். நாகலட்சுமி கீபோர்டுக்கு எதிரில், பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் விரலை வைத்தார். எடுத்தார். வேர்த்தது. அவர் கண் அந்தக் கீபோர்டின் மேல் அலைந்து ஓரத்தில் ஒரு சின்னப் பட்டனில் நின்றது. கீபோர்டு விற்கிற கடையில், வாங்க வருகிறவர்களை அசத்துவதற்காக ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். அழுத்தினால் கீபோர்டு தானாகவே ஒரு பாட்டை வாசிக்கும். டெமோ என்று பேர்.

“வேண்டாங்கண்ணா,” என்றாள் சுஜிதா அக்கா மெதுவாக.

அழுத்திவிட்டார்.

அடேயப்பா, என்ன வாசிப்பு! மேலும் கீழும் சுரங்கள் ஓடிப் பிடித்து விளையாடின. அண்ணன் பத்து விரலும் அதன்மேல் பாய்ந்தன. கண்ணை மூடினார், உதட்டைக் கடித்தார், தோளைக் குலுக்கினார். மேடைக்குக் கீழே கூட்டம் சேர்ந்து விசிலடித்தது.

நாகலட்சுமி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு குனிந்து, பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறவன் கையைப் பிடிப்பாளே, அப்படி அண்ணனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மெல்ல மேலே தூக்கினாள்.

பாட்டு நிற்கவில்லை. இன்னும் வேகமெடுத்தது.

அண்ணன் கண்ணைத் திறந்தபோது அவர் கைகள் அந்தரத்தில் இருந்தன. விரல்கள் மட்டும் பழக்கத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கையை விட்டபிறகும் அந்தக் கைகளை எங்கே கொண்டு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் வராமலும் போனது.

செங்கோட்டையன் மட்டும் அசந்துபோய் நின்றார். “கை வெக்காமயே வாசிக்கறாரு கண்ணு! இதெல்லாம் எத்தன பேருக்கு வரும்?”

“பொட்டி நல்லா வாசிக்குதுங்கப்பா,” என்றாள் நாகலட்சுமி. “வேணும்னா பொட்டியக் கட்டிக்கறேன்.”

டேப்ரிகார்டரைத் திறந்து தன் மூன்று செல்லை எடுத்து டார்ச்சுக்குள் போட்டுத் திருகி, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைய கச்சேரி எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். பிரமாதமாக நடந்தது. முன்வரிசையில் அவள் நாற்காலி மட்டும் காலி. டேப் ஒழுங்காக ஓடியது, சுஜிதா அக்கா பாடினாள், அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே நடித்தார். அத்தனையும் கண்ணெதிரே பார்த்த அதே ஊர், ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டி, ‘அச்சு அசல் கேசட்டு’ என்று மெச்சியது. பொட்டிதான் வாசிக்கிறது என்று தெரிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. வருத்தப்பட்டவள் ஒருத்திதான், அவளைத்தான் அண்ணன் கட்டிக்கொள்ள நினைத்தார்.

அடுத்த வருஷ நோம்பிக்குச் சென்றாயன் பஸ் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்பினார்: பாட்டுக்காரப் புள்ள வரட்டும். டேப்பு வரட்டும். மத்தவங்க செரமப்பட வேண்டாம். பழைய செல் மூணும் கோயில்ல பத்திரமா இருக்குது, சாமி அதுக்குத்தான் ஒழுங்கா உக்காருது.

பொட்டியை அழுத்த ஒரு கால் வேண்டும் என்பதால் நானும் போனேன். பஸ் கிளம்பும்போது தரணி அண்ணன் ஓடி வந்து ஏறினார். இந்த முறை கீபோர்டு அவர் மடியில் இருந்தது. நான்தான் டேப்ரிகார்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வருஷம் அவர் ராசிபுரத்தில் ஒரு சர்ச் ஆர்மோனியக்காரரிடம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கல்யாணத்தில் கேசட் இல்லாமல் வாசித்தும் பார்த்தார். சமையல்காரர் மறுபடி வெளியே வந்தாராம்.

ஊரில் இறங்கியதும் கோயிலுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். செங்கோட்டையனும் நோம்பிக்கு வந்து அங்கேதான் இருந்தார். நாகலட்சுமிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வந்த மாப்பிள்ளைகளில் யாரும் எதையும் நேரில் வாசித்துக் காட்டவில்லை. அண்ணன் கீபோர்டை மேஜைமேல் கவிழ்த்து, அடிமூடியைத் திறந்து, உள்ளே புதுச் செல் ஆறும் இருப்பதை அவளுக்குக் காட்டினார். மூடினார். டெமோ பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதையும் காட்டினார். பிறகு அதே அம்மன் பாட்டை வாசித்தார்.

மூன்று இடத்தில் தடுக்கினார். ஒரு இடத்தில் நின்றேவிட்டார். மறுபடி முதலிலிருந்து எடுத்தார். கண்ணை மூடவில்லை, உதட்டைக் கடிக்கவில்லை, அதற்கெல்லாம் நேரமில்லை. மேலே வலது ஓரத்துக் கட்டை ஒன்று சத்தமே போடவில்லை. பலாப்பழமாகத்தான் இருக்கும்.

முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சொந்தமாத்தான் எழுதியிருக்கறீங்க,” என்றாள் நாகலட்சுமி. “காப்பி இல்ல.”

“மார்க்குங்க?”

கொஞ்சம் யோசித்தாள். “முப்பத்தி நாலு.”

பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். அரியர் வைத்திருக்கிற எனக்கே நெஞ்சு வலித்தது.

“அட, ஒரு மார்க்குல என்ன கண்ணு?” என்றார் செங்கோட்டையன். “போட்டுத்தான் உடேன்.”

“போட்டா அதுவும் காப்பிதானுங்கப்பா.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “மறுகூட்டல் உண்டுங்களா?”

“மறுபரீச்சைதான் உண்டு,” என்று அவள் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் கட்டையில் விரலை வைத்தார். அதற்குள் கோயில் பக்கமிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். நான் பொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பழைய செல்லும் பெருவிரலும் தயாராக இருக்கும்போது அத்தாயியைக் காக்க வைக்கக் கூடாது.